ஓடு பெயர்த்த சுவர்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. அது பிறந்த காலத்தில் சுவர் என்றால் மண்சுவர், கற்சுவர், செங்கற்சுவர் ஆகிய மூன்றில் ஒன்றாகவே இருந்திருக்கும். ஆணி அடித்தால் ஏற்கும். காரை பெயர்ந்தால் கொத்தனாரை அழைத்து ஒரு கரண்டி சாந்து வைத்துத் தேய்த்துவிட்டால் மீண்டும் பழைய சுவராகிவிடும். இக்காலத்து நகரங்களிலோ வேறு ஒரு வகைச் சுவர் வந்து குடியேறியிருக்கிறது. பார்வைக்கு அதற்கும் செங்கற்சுவருக்கும் வேற்றுமை தெரியாது. விரல் கணுவால் தட்டினால் மட்டும், உள்ளே வெற்றிடம் இருப்பதைப் பறைபோல் ஒலித்துத் தெரிவிக்கும். அதுவே ஜிப்சம் பலகைச் சுவர்.

தில்லியிலும் குருகிராமத்திலும் மும்பையிலும் பெங்களூரிலும் அலுவலகங்களில் மட்டுமன்றி, அடுக்குமாடி வீடுகளிலும் இத்தகைய தடுப்புச் சுவர்களைக் காணலாம். இடத்தைப் பிரிப்பதற்கு எளிது. கட்டடத்தின் மேல் ஏறும் பாரம் குறைவு. சில நாள்களில் வேலை முடிந்துவிடும். அச்சுவரின் மேல் சமையல் மேடையை ஒட்டி மெருகூட்டிய ஓடுகளைப் பதித்துவிடுவதும் வழக்கம். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்த ஓடுகள் மங்கியோ விரிந்தோ போக, அவற்றைப் பெயர்த்தெடுக்கும் நாள் வருகிறது. இல்லறத்தாருக்குச் சோதனை தொடங்குவதும் அன்றுதான். ஓட்டோடு சுவரின் தோலும் உரிந்து வந்துவிடுகிறது. பிறகு என்ன செய்வது? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

கலைப் பட்டம் பெற்று, மொழிபெயர்ப்பை உத்தியோகமாகக் கொண்ட ஒருவன் சுவரைப்பற்றிப் பேசப் புகுவது எதற்காக என்று நேயர்கள் வினவலாம். கட்டடப் பொருள்களைப்பற்றிய அறிக்கைகளும் விதிமுறைகளும் மொழிபெயர்ப்பாளன் மேசைக்கு வராமல் இருப்பதில்லை. ஒரு சொல்லைத் தமிழில் சரியாக எழுதவேண்டுமானால், அச்சொல் குறிக்கும் பொருளைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டு, வேலை செய்வோரிடம் கேட்டறிவதே நேர்மையான வழி. அவ்வாறு கேட்டறிந்தவற்றையே இங்குத் தொகுத்துச் சொல்லுகிறேன்.

முதலில் ஜிப்சம் என்பது யாது எனக் காண்போம். சித்த மருத்துவர்கள் கற்பூர சிலாசத்து என்று வழங்கும் பொருள் அது. நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மென்மையான கனிமம். நம் நாட்டில் இராஜஸ்தானத்து நாகௌர், பிகானேர் முதலிய மாவட்டங்களில் மிகுதியாகக் கிடைக்கிறது. வேதியியல் நோக்கில் அது கால்சியமும் கந்தகமும் பிராணவாயுவும் சேர்ந்த ஓர் உப்பு; அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, படிகத்தோடு பிணைந்து நிற்கும் நீராகும். அதனைச் சுமார் 150 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் அந்த நீரில் முக்கால் பங்கு நீங்கி, வெண்ணிறத் தூளாகிவிடும். பாரிஸ் நகரத்து மோன்மார்த்ர் குன்றில் இக்கல்லை வெட்டிச் சுட்டதனால் அத்தூளுக்கு 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்' என்ற பெயர் நிலைத்தது. அதில் மீண்டும் நீர் சேர்த்தால், இழந்த நீரைத் திரும்பப் பெற்று இறுகிக் கல்லாகிறது. முறிந்த எலும்புக்கு மருத்துவர் போடும் மாவுக்கட்டும் இதே இயல்பைக் கொண்டு அமைந்ததுதான்.

இக்கல்லைப் பலகையாக்கும் யோசனை அமெரிக்காவில் தோன்றியது. அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். தாளும் சாந்தும் மாறி மாறி அடுக்கப்பட்ட பலகை அது. பின்னர், இரண்டு கனத்த தாள்களுக்கு நடுவே ஜிப்சம் குழம்பை வார்த்து இறுகச் செய்யும் முறை நிலைபெற்றது. இன்று நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பலகை இந்த முறையில் செய்யப்படுவதே. 4 அடி அகலமும் 6 அடி நீளமும் கொண்ட பலகைகள் பரவலாக விற்கின்றன. சுவருக்குப் பெரும்பாலும் 12.5 மில்லிமீட்டர் தடிப்புள்ளதையே பயன்படுத்துவர். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 2095 என்ற விதி இப்பலகைகளுக்கு உரியது. துத்தநாகம் பூசிய தகட்டுச் சட்டங்களைச் செங்குத்தாக நிறுத்தி, அவற்றின் இரு புறமும் பலகையைத் திருகாணியால் இறுக்கிவிட்டால் சுவர் ஆயிற்று.

இங்கே ஒரு முக்கியமான செய்தியை மனத்தில் இருத்தவேண்டும். இப்பலகையின் வலிமை நடுவிலுள்ள ஜிப்சத்தில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில், வளைந்தால் முறியாமல் தாங்கும் ஆற்றலின் பெரும்பகுதி இரு பக்கத்துத் தாள்களிலேதான் இருக்கிறது. உடலுக்குத் தோல் எப்படியோ, பலகைக்குத் தாள் அப்படி. ஓட்டை ஒட்டிய பசை பற்றிக்கொள்வது அந்தத் தாளையே. ஓட்டை இழுத்தால், பசை விடாது, தாள் விட்டுவிடும். வெள்ளைத் தாளோ பச்சைத் தாளோ உரிந்து, உள்ளிருக்கும் பழுப்புத் தாளும் வெண்மையான ஜிப்சமும் வெளிப்படும். ஓடு பெயர்த்த சுவர் ஆட்டுத்தோல் உரித்ததுபோல் காட்சியளிப்பது இதனால்தான்.

எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர், ஓய்வுபெற்ற அரசு ஊழியர், தலைநகரை அடுத்த ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார். வீட்டைக் காலி செய்யுமுன், உடைந்துபோன சமையலறை ஓடுகளை அகற்றிச் சுவரைச் சரிசெய்து கொடுத்துவிட விரும்பினார். இல்லாவிட்டால் முன்பணம் கைக்கு வராதே என்ற கவலை. நாற்பது ஆண்டு அனுபவமுள்ள கொத்தனார் வந்தார். ஓடுகள் பெயர்ந்தன, சுவர் உரிந்தது. அவர் தாம் அறிந்த முறைப்படி சிமெண்டும் மணலும் கலந்து, அரை அங்குலக் கனத்துக்குப் பூசி, மட்டப்பலகையால் இழுத்து, அழகாகத் தேய்த்துக் கொடுத்தார். அன்று மாலை சுவர் கண்ணாடிபோல் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பூச்சு வயிறு தள்ளியது. ஐந்தாம் நாள் எஞ்சியிருந்த தாளையும் உடன் இழுத்துக்கொண்டு சமையல் மேடைமேல் விழுந்தது. நல்லகாலம், அந்நேரம் அடுப்பருகில் எவரும் இல்லை.

அக்கொத்தனார் கைத்தொழிலில் குறைவுள்ளவர் அல்லர். செங்கல்லின் சொரசொரப்பில் சிமெண்டுச் சாந்து பல் பதித்துக்கொள்ளும். தாளில் அது பதியாது. சாந்திலுள்ள நீரைத் தாள் உறிஞ்சி ஊறி, தன் பிடியைத் தானே விட்டுவிடும். போதாக்குறைக்கு, சிமெண்டும் ஜிப்சமும் ஈரத்தில் நேரே கலந்தால் அவ்விரண்டும் வினைபுரிந்து, புதிய படிகங்கள் தோன்றி, விரிந்து, இடையிலுள்ள ஒட்டைக் குலைத்துவிடும். ஜிப்சம் பலகையின்மேல் சிமெண்டுப் பூச்சு கூடாது என்பது இதனாலேதான். இந்த ஒரு விதியை அவருக்கு எவரேனும் முன்கூட்டிச் சொல்லியிருந்தால், ஒரு வாரக் கூலியும் ஒரு முதியவரின் நிம்மதியும் வீணாகியிரா.

இனி, வேலையை எவ்வாறு தொடங்குவது என்று பார்ப்போம். தட்டுமுன் அந்தச் சுவருக்கு வரும் மின்சாரத்தை நிறுத்திவிடுவதே முதற் கடமை. பலகைக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தில் மின்கம்பிக் குழாய் ஓடும்; உளி நுழைந்தால் கம்பியில் படும். ஒரு மின்செருகியில் வரவில்லை என்பதால் எல்லாக் கம்பியிலும் வரவில்லை என்று கொள்ளலாகாது. சோதனை விளக்கால் ஒவ்வொன்றையும் பார்த்துவிடவேண்டும். தண்ணீர்க் குழாய் செல்லும் இடத்தையும் அறிந்துகொள்ளவேண்டும். ஓட்டுச் சில்லு கண்ணாடிபோல் கூர்மையானது. ஆதலால் கண்ணுக்குக் காப்புக்கண்ணாடியும் கைக்குக் கனத்த உறையும் தேவை. ஓட்டிலும் அதை ஒட்டிய சிமெண்டுப் பசையிலும் உள்ள சிலிக்காத் தூசி நுரையீரலுக்குப் பகை. வாயில் துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. தூசியைத் தடுக்கும் முகமூடியே வேண்டும். பழைய வீடாயின் ஓட்டுக்கு அடியில் பழைய வண்ணப்பூச்சு இருக்கலாம். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சை உலரத் தேய்த்துப் பொடியாக்கிக் குழந்தைகள் உள்ள வீட்டில் பறக்கவிடுதல் தகாது.

ஓட்டைப் பெயர்ப்பதிலும் ஒரு நிதானம் உண்டு. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள இணைப்புச் சாந்தை முதலில் சுரண்டி எடுத்துவிடவேண்டும். ஓடு முடிந்து வெறுஞ்சுவர் தொடங்கும் கோட்டில் கூரிய கத்தியால் தாளை ஆழக் கீறிவிடவேண்டும். அவ்வாறு கீறாவிட்டால் உரியத் தொடங்கும் தாள், நாம் தொட விரும்பாத நல்ல சுவருக்கும் ஓடிவிடும். பிறகு மேல் வரிசையின் ஓரத்திலிருந்து, அகன்ற மெல்லிய தகட்டை ஓட்டுக்குப் பின்னே சுவரோடு சாய்வாக நுழைத்து, மெல்லத் தட்டி நெம்பவேண்டும். சுத்தியலால் நேரே ஓட்டின் முகத்தில் ஓங்கி அடிப்பது செங்கற்சுவருக்கு ஒருவாறு பொருந்தும்; பலகைச் சுவரிலோ சுத்தியல் மறுபக்கத்து அறையை எட்டிப்பார்த்துவிடும்.

நான்கைந்து ஓடுகள் பெயர்ந்தவுடன் வேலையை நிறுத்திவிட்டு, சுவரை நோக்கவேண்டும். ஒவ்வோர் ஓட்டோடும் பலகையின் சதையும் கட்டியாகப் பெயர்ந்து வருகிறதா? அப்படியானால் மேற்கொண்டு நெம்புவது வீண் உழைப்பு. ஓடு பதித்த பகுதியைச் சுற்றிக் கோடிட்டு, பலகையை ஓட்டோடு சேர்த்தே அறுத்தெடுத்து, அவ்விடத்தில் புதுப்பலகை பொருத்துவதே அறிவுடைமை. இங்குக் கணக்கும் நமக்குத் துணை செய்கிறது. சமையல் மேடைக்கு மேலே 6 அடி நீளம், 2 அடி உயரம் ஓடு பதித்த இடம் என்று கொள்வோம். அது 12 சதுர அடி. ஒரு முழுப் பலகை 24 சதுர அடி. எனவே, ஒரே பலகையில் பாதி இதற்குப் போதும். உரிந்துபோன 12 சதுர அடிச் சுவரை மூன்று நான்கு முறை பூசி, காயவைத்து, தேய்த்துச் சமன் செய்யும் கூலியை எண்ணினால், பாதிப் பலகையின் விலை பெரிதன்று. உரிந்ததை ஒட்டவைப்பதில்தான் சிக்கனம் இருக்கிறது என்று பலர் எண்ணிவிடுகின்றனர். சுவரைப் பொறுத்தமட்டில் அந்த எண்ணம் பல வேளைகளில் பிழையாகிறது.

நனைந்த பலகையைக் குறித்துத் தனியே எச்சரிக்க விரும்புகிறேன். ஜிப்சம் நீரில் சிறிதளவு கரையும் இயல்புடையது. ஒரு லிட்டர் நீரில் 2 கிராமுக்குச் சற்று மேல் கரையும். ஓட்டு இடுக்கு வழியே ஆண்டுக்கணக்கில் கசிந்த நீர், பலகையைப் பிட்டுமாவாக ஆக்கியிருக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே அமுங்கினால் அது ஆயுள் முடிந்த பலகை. நீர் பட்ட தாளில் பூஞ்சணம் கரும்புள்ளிகளாகப் படர்ந்திருக்கும். இளைப்பு நோய் உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதன் நுண்தூள் கேடு விளைக்கும். அதன்மேல் வெளுப்புநீரைத் தெளித்து வண்ணம் அடித்துவிட்டால் கறை மறையும், பூஞ்சணம் மறையாது. கறை தெரியும் எல்லைக்கு அப்பாலும் சுமார் ஓர் அடி வரை அறுத்து அகற்றவேண்டும். அதற்கு முன்பாக, நீர் எங்கிருந்து வந்தது என்று கண்டு அக்கசிவை நிறுத்தவேண்டும். கசியும் குழாயை அப்படியே விட்டுவிட்டுச் சுவரைப் புதுப்பிப்பது, ஓட்டைக் குடத்துக்கு வெளியே மெருகு கொடுப்பதற்கு ஒப்பாகும்.

பலகை உறுதியாக இருந்து, தாள் மட்டும் இங்கும் அங்கும் உரிந்திருந்தால் பழுது பார்ப்பது தகும். உரிந்த தாளின் ஓரங்களை இழுக்காமல், கூரிய கத்தியால் சுற்றிலும் கீறி, தளர்ந்த பகுதியை வெட்டி எடுக்கவேண்டும். மேடாக நிற்கும் பழைய பசையைத் தகட்டால் சீவிவிடலாம். மிச்சத்தைச் சுரண்டிச் சுரண்டி நல்ல தாளையும் கெடுக்கவேண்டியதில்லை. பிறகு உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, நார் நாராக நிற்கும் பிசிறை மட்டும் போக்கவேண்டும்.

அடுத்த படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகின்றனர். வெளிப்பட்ட பழுப்புத் தாளின்மேல் நேரே பட்டி வைத்தால், பட்டியிலுள்ள நீர் அத்தாளில் ஊறும்; தாள் அப்பளம்போல் கொப்புளித்து எழும். காய்ந்த பிறகும் அக்கொப்புளம் நிற்கும். அதனால் பட்டிக்கு முன்பாக, நீரை உள்ளே விடாத அடைப்புப் பூச்சு ஒன்று பூசவேண்டும். எண்ணெய் சார்ந்த பூச்சும் உண்டு; அரக்கு சார்ந்த பூச்சும் உண்டு. அரக்கு நம் நாட்டுச் செல்வம். ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களின் காட்டு மரங்களில் சிறு பூச்சிகள் உண்டாக்கும் பிசின் அது. மரச்சாமான்களுக்கு மெருகேற்றும் தச்சர்கள் அதனை நன்கு அறிவர். அரக்கு நீரில் கரையாமல் சாராயத்தில் கரைவது. ஆகவே அதைப் பூசும்போது தாள் நீரால் ஊறுவதில்லை. சாராயம் விரைவில் ஆவியாகிவிட, மெல்லிய கண்ணாடிபோன்ற படலம் நிலைக்கும். அதன் ஆவி தீப்பற்றும் என்பதை மறத்தலாகாது. சமையலறை ஆதலால் அடுப்பை அணைத்து, வாயு உருளையின் வால்வை மூடி, பலகணிகளைத் திறந்துவைத்த பின்னரே பூச்சைத் திறக்கவேண்டும்.

துளைகளைப்பற்றி இனிச் சொல்லுகிறேன். திருகாணித் துளை, உளி முனை பட்ட பள்ளம் போன்றவற்றைப் பட்டியால் நிரப்பினால் போதும். உள்ளங்கையளவுக்கு உட்பட்ட துளைக்குக் கண்ணாடி இழை வலையை மேலே ஒட்டி, இறுகும் வகைப் பட்டியால் இரண்டு மூன்று முறை மூடலாம். அதனினும் பெரியதாயின், பட்டியைக் கட்டி கட்டியாக அப்பி அடைப்பது கூடாது. துளையைச் சதுரமாகவோ நீண்ட சதுரமாகவோ வெட்டிச் செப்பமாக்கவேண்டும். வட்டத் துளைக்கு ஒட்டுப்போடுவதைவிடச் சதுரத் துளைக்கு ஒட்டுப்போடுவது எளிது என்பதைத் தையற்காரரும் ஒப்புவர். துளையின் பின்புறத்தில் இரண்டு மரச்சட்டங்களை நுழைத்து, நல்ல பலகையின் வழியே திருகாணியால் இறுக்கவேண்டும். பிறகு அதே தடிப்புள்ள பலகைத் துண்டை அளந்து வெட்டி, அச்சட்டங்களின்மேல் வைத்து முடுக்கவேண்டும். 12.5 மில்லிமீட்டர் பலகைக்கு 25 மில்லிமீட்டர் நீளமுள்ள திருகாணி ஏற்றது. அதன் தலை பலகையின் முகத்துக்குச் சற்றே உள்ளே பதியவேண்டும். தாளைக் கிழித்துக்கொண்டு போகலாகாது. கிழித்துவிட்டால் அத்திருகாணி எதையும் பிடித்திராது. இரண்டு அங்குலம் தள்ளி வேறொன்றைப் போடுவதே வழி.

பெரிய அளவில் பலகையை மாற்றும்போதும் இதே முறைதான். அறுக்கும் கோடு உள்ளே நிற்கும் தகட்டுச் சட்டத்தின் நடுவில் விழுமாறு பார்த்துக்கொள்ளவேண்டும். அப்போதுதான் பழைய பலகையின் விளிம்புக்கும் புதிய பலகையின் விளிம்புக்கும் பின்னால் பற்றுக்கோடு இருக்கும். வெட்டிய விளிம்புகளைக் கத்தியால் சற்றுச் சாய்வாகச் சீவினால், பட்டி உள்ளே அமர்ந்து இணைப்பு மேடு தட்டாது. ஈரம் படும் இடத்துக்கு, ஈரத்தைத் தாங்குவதற்கென்று செய்த பலகை தனியே கிடைக்கிறது. பெரும்பாலும் அதன் தாள் பச்சை நிறமாக இருக்கும். பச்சைப் பலகை ஈரத்தைத் தாங்குமேயன்றி, நீரில் நிற்காது. குளிக்கும்போது நீர் நேரே அடிக்கும் சுவருக்குச் சிமெண்டுப் பலகையும், அதன்மேல் நீர் புகாப் பூச்சுமே தக்கவை.

பட்டியில் இரு வகை உண்டு. ஒன்று, நீர் ஆவியாகிக் காய்வதால் கெட்டிப்படுவது. மற்றொன்று, நீரோடு வினைபுரிந்து தானே இறுகுவது. பின்னதே துளையை அடைப்பதற்கு உரியது. அது காயும்போது மிகுதியாகச் சுருங்குவதில்லை. அதனைக் கலக்கும் சட்டியும் கரண்டியும் தூயவையாக இருத்தல் மிக அவசியம். முன்பு கலந்து இறுகிப்போன துகள் சட்டியில் ஒட்டியிருந்தால், பாலுக்கு உறைமோர் போல் அது வேலை செய்யும். புதிய கலவை நம் கையில் இருக்கும்போதே இறுகிவிடும். தொழிலாளர் பலர் 'மூட்டை கெட்டுவிட்டது' என்று கடைக்காரரை நோவது இதனால்தான். குற்றம் மூட்டையில் அன்று, கழுவாத சட்டியில் இருக்கிறது. இறுகத் தொடங்கியதில் மேலும் நீர் ஊற்றிக் குழைப்பதும் தவறு. அப்படிக் குழைத்தது மாவாகவே உதிரும்.

இணைப்பின்மேல் நாடாவைப் பதித்து, முதற் பூச்சை மெல்லியதாக இழுக்கவேண்டும். அது காய்ந்தபின் இரண்டாம் பூச்சை அதைவிட அகலமாகவும், மூன்றாவதை இன்னும் அகலமாகவும் விரிக்கவேண்டும். மூன்று மெல்லிய பூச்சு நிற்கும் இடத்தில் ஒரு கனத்த பூச்சு வெடிக்கும். சித்திரை மாதத்துத் தில்லியில் ஒரு நாளில் காய்வது, ஆடி மழையில் மும்பையில் இரண்டு மூன்று நாள் கேட்கும். நாள்காட்டியைப் பார்த்து அவசரப்படாமல், பூச்சின் நிறம் சீராக வெளுத்துவிட்டதா என்று பார்த்தே அடுத்ததைத் தொடங்கவேண்டும். கடைசியில் 150 எண் உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி இலேசாகத் தேய்க்கவேண்டும். சமன் வந்ததா என்று அறிய ஓர் எளிய உபாயம் உண்டு. அறையை இருட்டாக்கி, கைவிளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் ஒளிந்திருந்த மேடும் பள்ளமும் நிழலாக எழுந்து தம்மைக் காட்டிக்கொடுக்கும். பிறகு தூசியைத் துடைத்து, அடிப்பூச்சு ஒரு முறை அடித்து, அதன்மேல் வண்ணம் பூசலாம். அடிப்பூச்சு இல்லாவிட்டால் பட்டி வைத்த இடம் ஒரு நிறமாகவும் தாள் உள்ள இடம் ஒரு நிறமாகவும் திட்டுத் திட்டாகத் தெரியும்.

அவ்விடத்தில் மீண்டும் ஓடு பதிப்பதாயின் சிந்திக்கவேண்டியது பாரம். பிரிட்டனின் கட்டட வழக்கில், வெறும் ஜிப்சம் பலகைச் சுவர் சதுர மீட்டருக்கு 32 கிலோகிராம் வரை தாங்கலாம் என்றும், சாந்து பூசிய முகமானால் 20 கிலோகிராம் வரையே தாங்கலாம் என்றும் வரையறுத்திருக்கின்றனர். ஓடு, பசை, இணைப்புச் சாந்து எல்லாம் இக்கணக்கில் அடங்கும். 10 மில்லிமீட்டர் கனமுள்ள கெட்டியான ஓடு மட்டுமே சதுர மீட்டருக்கு 23, 24 கிலோ எடை இருக்கும். நம்மவர் விரும்பும் 18 மில்லிமீட்டர் கருங்கல் பலகையோ 47 கிலோவைத் தாண்டும். ஆகவே, உரிந்த சுவரை முழுவதும் பட்டியால் மூடி, அதன்மேல் கனத்த ஓடு பதிப்பது, நோயாளியின் தோளில் மூட்டை ஏற்றுவதாகும். ஓடு வேண்டுமெனில் பலகையை மாற்றுங்கள். பூச்சில்லாத புதுப்பலகையில், உரிய அடிப்பூச்சு தடவி, அதன் பிறகே சிமெண்டுப் பசையால் எடை குறைந்த ஓடுகளைப் பதியுங்கள். கருங்கல்லை மேடையோடு நிறுத்திவிடுங்கள்.

வாடகை வீட்டில் இருப்போருக்கு ஒரு சொல். உரிமையாளரின் இசைவை எழுத்தில் பெற்று, வேலைக்கு முன்னும் பின்னும் சுவரைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது இருவருக்கும் நலம். ஓடு பெயர்ந்தபின் பலகை மட்கியிருந்ததென்றால், அது குடியிருப்பவர் செய்த சேதமா, குழாய் செய்த சேதமா என்பதைப் படமே பேசும்.

இறுதியாக, என் தொழிலை ஒட்டிய செய்தி ஒன்று சொல்லி முடிக்கிறேன். நான் மேலே சொன்ன விதிகளில் பல, பட்டி மூட்டையின் மேலும் அடைப்புப் பூச்சு டப்பாவின் மேலும் சிறு எழுத்தில் அச்சாகியே இருக்கின்றன. எவ்வளவு நீர், எத்தனை நிமிடம், எதன்மேல் பூசலாகாது என்பனவெல்லாம் அங்கே உள்ளன. ஆனால் மூட்டையைச் சுமந்து வருபவரும், கலக்குபவரும், சுவரில் தேய்ப்பவரும் அந்த எழுத்தைப் படிக்க இயலாதவராக இருப்பது மிகுதி. வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும், தெற்கிலிருந்தும் வேலை தேடிப் பெருநகரங்களுக்கு வருபவர்கள், தம் தாய்மொழியில் அன்றி வேறு மொழியில் அச்சிட்ட எச்சரிக்கையால் என்ன பயன் அடைவர்? அம்முதியவர் வீட்டுப் பூச்சு விழுந்ததற்குக் காரணம் கொத்தனாரின் கை அன்று. அவருக்கும் அந்த எழுத்துக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளன் இல்லாததே.

எல்லா மூட்டைகளும் எல்லா மொழிகளிலும் அச்சாகும் நாள் வரட்டும். அதுவரையில், வேலை தொடங்குமுன் வீட்டிலுள்ள படித்த ஒருவர், அந்த எழுத்தை உரக்கப் படித்து, வேலை செய்பவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிவிட்டால் போதும். இதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். கை தேர்ந்த தொழிலாளிக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டியது தொழிலை அன்று. அவர் அதுவரை பழகாத பொருளின் குணத்தை மட்டுமே. அதை அறிந்துவிட்டால் மற்றவற்றை அவர் கையே பார்த்துக்கொள்ளும். செங்கல்லின் குணம் வேறு, தாளின் குணம் வேறு என்று உணர்ந்து செய்த வேலை நிற்கும். சுவர் நின்றால், அதன்மேல் நாம் விரும்பும் சித்திரத்தையும் எழுதிக்கொள்ளலாம்.